எண்ணெய் பட்ட முதுகு

அந்த ஹோட்டலுக்கு நான் ஆறு வருஷமாகக் கொம்பனி வானில் துவாய் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு முந்நூறு துவாய். வெள்ளை, கரையில் ஒரு நீலக்கோடு. லண்டனில் நான் போகிற மற்ற ஹோட்டல்காரர் எல்லாரும் துவாயோடு சேர்த்துக் குளியலங்கியும் கேட்பார்கள். இவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது. பின்கதவால் தள்ளுவண்டியோடு உள்ளே போனபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எதிரே வந்து, "குட் மோர்னிங்" சொல்லி, எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் பேப்பர், காலில் செருப்பு, வேறு ஒன்றும் இல்லை. நான் துவாய்க் கட்டுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். வெட்கப்பட வேண்டியவர் அவர், வெட்கப்பட்டது நான்.

லண்டனுக்குத் தெற்கே, சட்டனுக்கு அப்பால், மரங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கிற பழைய கட்டடம். உடுப்பில்லாமல் இருக்க விரும்புகிறவர்கள் வந்து தங்கி, சுடுதண்ணீரிலும் நீராவியிலும் கிடந்து, களைப்பாறிவிட்டுப் போகிற இடம். அவ்வளவுதான். கெட்ட சோலி ஒன்றும் அங்கே இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களுக்குக் கதை கட்ட ஒரு சின்ன நூல் அகப்பட்டால் போதும்.

1998 ஐப்பசியில் அந்த ஹோட்டலில் நான் மூன்று நாள் தங்கினேன், தனியாக. பேர்மிங்ஹாமில் புது வான் ஓட்டிப் பழகக் கொம்பனி அனுப்புகிறது என்று வீட்டில் சொன்னேன். என் மனிசி செல்வமலர் புளிச்சோறு கட்டித் தந்துவிட்டாள். காரணம் என் மகள் சிவகௌரியின் கலியாணம். அதற்கு அப்போது பதினேழு நாள் இருந்தது.

கலியாணத்தை நடத்திவைக்கிற ஐயர் எங்கள் பிளேஸ்டோ வீட்டுக்கு வந்து, யார் எங்கே இருப்பது, என்ன உடுப்பது என்று எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெண்ணின் தகப்பன் வேட்டியோடு, மேலுக்கு ஒன்றும் இல்லாமல் மணவறையில் இருக்கவேண்டும் என்றார்.

"ஐயா, குளிர்காலம். ஒரு பனியனாவது..." என்றேன்.

"ஹோலில ஹீட்டர் இருக்குதானே, கனகலிங்கம்."

"சால்வையைப் போர்த்துக்கொண்டு இருக்கலாமோ?"

"சால்வை இடுப்பில. பூணூல் போடவேணும், தர்ப்பை போடவேணும். போர்த்துக்கொண்டு இருக்க நீங்கள் என்ன காய்ச்சல்காரரோ?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். செல்வமலர் மட்டும் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் முதுகைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பத்துநாலாம் ஆண்டு ஊரில் ஒரு இராணுவ முகாமில் நாற்பத்தொரு நாள் இருந்தேன். அங்கே எனக்குச் செய்ததை எல்லாம் முதுகில்தான் செய்தார்கள். அதற்குமேல் சொல்லப்போவதில்லை. சொன்னால் எனக்கும் நித்திரை வராது, உங்களுக்கும் வராது.

லண்டனுக்கு வந்து அகதியாகப் பதிந்தபோது, என் வழக்கை விசாரித்த ஒரு துரை, "இந்த அடையாளங்கள் கொதி எண்ணெய் பட்டும் வந்திருக்கலாம்" என்று கடிதம் எழுதினார். அதை வாசித்தபோது எனக்கு வந்த விசர் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அந்த மனுஷன் தன் முதுகில் ஒரு சட்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும், இப்படி வரிசை வரிசையாக வருகிறதோ என்று. பிறகு மேன்முறையீட்டில் எல்லாம் சரிவந்தது. ஆனால் அந்தத் துரையின் சொல் எனக்கு வேறு ஒரு இடத்தில் உதவியது.

எண்பத்தாறில் செல்வமலரும் கௌரியும் வந்து சேர்ந்தார்கள். கௌரிக்குப் பத்து வயது. ஒருநாள் நான் முகம் கழுவும்போது பனியன் கழுத்துக்கு மேலே தெரிந்த கொஞ்சத்தைக் கண்டுவிட்டாள். "அப்பா, என்ன இது?" என்றாள். அப்போது நான் ஈஸ்ட் ஹாமில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. துரையின் சொல் தானாக வாய்க்கு வந்தது.

"எண்ணெய் பட்டது, பிள்ளை."

செல்வமலர் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அவளும் வாய் திறக்கவில்லை.

அன்றையிலிருந்து என் மகளுக்கு எண்ணெய் பரம எதிரி. வீட்டில் எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறினால் எங்கிருந்தாலும் ஓடிவந்து எனக்கும் அடுப்புக்கும் நடுவில் நிற்பாள். "தள்ளி நில்லுங்கோ அப்பா." பதின்மூன்று வயதில் அப்பளம் பொரிக்கப் பழகினாள், நான் பொரிக்கக்கூடாது என்பதற்காக. பிறகு வடை, பிறகு மிளகாய். எனக்குக் குசினி வேலை போய் வான் வேலை கிடைத்தபோது எங்கள் எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டது அவள்தான். அவளுக்கும் எண்ணெய் என்றால் பயம். கையை நீட்டி, முகத்தைத் திருப்பி, பயந்து பயந்துதான் பொரிப்பாள். நான் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு அந்தப் பயம்தான்.

இப்போது மணவறையில் நான் சட்டையைக் கழற்றவேண்டும். பின்னால் நானூறு பேர், அவர்களோடு வீடியோக்காரன். வருகிறவர்களில் நாற்பது வயது தாண்டிய எந்த ஆம்பிளையும் என் முதுகை ஒரு தரம் பார்த்தால் போதும், இது எண்ணெய் இல்லை என்று சொல்லிவிடுவான். தாலி கட்டமுதல் அந்தக் கதை கதிரை கதிரையாகப் போய் மணவறைக்கு வந்துவிடும். என் பிள்ளை கூறைச்சீலையோடு இருந்துகொண்டு, தகப்பன் தனக்குப் பன்னிரண்டு வருஷம் பொய் சொன்னவன் என்று ஊர் வாயால் கேட்கவேண்டும்.

முன்கூட்டியே அவளுக்குச் சொல்லியிருக்கலாம்தானே என்பீர்கள். சொல்லப் போனேன். மூன்று தரம். சட்டையைத் திறக்கப் போய், மூன்றாவது தெறியைத் தாண்டி என் கை இறங்கவில்லை, வாயும் திறக்கவில்லை. அப்போதுதான் இந்த ஹோட்டல் ஞாபகம் வந்தது. அறியாத ஆட்கள் முன்னால் முதுகைத் திறந்து பழகினால், அறிந்த ஆட்கள் முன்னாலும் திறக்கலாம் என்று ஒரு நினைப்பு. விசர் நினைப்புத்தான். வேறு நினைப்பு என்னிடம் இருக்கவில்லை.

ஹோட்டலை நடத்துகிறவர் மிஸஸ் பென்ஃபோல்ட். அறுபது வயது, எப்போதும் கம்பளிச் சட்டை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. அந்தக் கட்டடத்தில் முழு உடுப்போடு இருக்கிறவர்களில் முதல் ஆள். துவாய் இறக்கிவிட்டுத் தயங்கி நின்று, இங்கே வந்து தங்கலாமோ என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. கிழமை நாட்களில் ஆள் குறைவு, அமைதியாக இருக்கும் என்று சொல்லிப் புத்தகத்தில் என் பெயரை எழுதினார். ஒரே ஒரு விதி: எங்கே இருந்தாலும் துவாயைப் போட்டு அதன்மேல்தான் இருக்கவேண்டும். அந்தத் துவாயைக் கொண்டுவந்து இறக்கினதே நான்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் அறையில் உடுப்பைக் கழற்றினேன். மூன்றாவது தெறியில் கை நின்றது. கட்டிலில் இருந்து செல்வமலர் தந்த புளிச்சோற்றில் பாதியைத் தின்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தைக் கழற்றினேன். அரைநாண் கயிற்றை மட்டும் விட்டேன். சின்னப் பிள்ளைக்கு அரைநாண் கட்டிவிட்டால் அது உடுத்தினதாகத்தானே கணக்கு. அந்தக் கயிறு இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நடைபாதையில் துவாயோடு போனேன். மற்றவர்கள் துவாயைக் கையில் மடித்து வைத்திருந்தார்கள். ஒரு புது ஆள் மட்டும் இடுப்பில் சுற்றியிருந்தான். நான் முன்பக்கம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று துவாயை முதுகில் போர்த்திக்கொண்டு போனேன். ஐயர் கண்டிருந்தால் காய்ச்சல்காரன் என்றுதான் சொல்லியிருப்பார்.

குளம் ஒரு கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருந்தது. வெளியே மழை. கூரையில் மழை விழுந்து வழிகிற நிழல் தண்ணீரின் அடியிலும், சுவரிலும், ஆட்களின் உடம்பிலும் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நீராவி இடுப்பளவுக்கு எழும்பி நின்றது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். ஒருவர் வாசித்துக்கொண்டு, ஒருவர் மிதந்துகொண்டு, இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு. எல்லாரும் என்னைவிடக் கிழடுகள். ஒருவரும் கதைக்கவில்லை. அந்த மழையில் நனையாமல் மழைக்குள்ளேயே இருக்கிற மாதிரி இருந்தது.

நான் சுவரோரமாக நின்று, மூச்சைப் பிடித்து, துவாயைக் கீழே விட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு தலையும் திரும்பவில்லை. வாசித்துக்கொண்டிருந்தவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவ்வளவுதான். பதினாலு வருஷம் மறைத்ததைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், அந்த மனுஷனுக்குத் தன் புத்தகம்தான் பெரிசாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு குளத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தேன். ஒரு அம்மா புன்னகை செய்து, தண்ணீர் இன்றைக்கு நல்ல சூடு என்றார். பார்வை என் நெற்றிக்குக் கீழே இறங்கவில்லை. இவர்கள் அப்படிப் பழகியவர்கள். உடுப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்கு உடுப்புப் போட்டுவிடுகிறார்கள்.

சரி, வந்தது வந்தாச்சு என்று தண்ணீருக்குள் இறங்கினேன்.

அதை எப்படிச் சொல்லுவது? சுடுதண்ணீர் என் முதுகைத் தொட்டது. பதினாலு வருஷமாக நான் குளித்தது எல்லாம் அவசரக் குளிப்பு. முதுகைக் கண்ணாடிக்குக் காட்டாமல், ஈரம் துடைக்காமலே பனியனை இழுத்துவிடுகிற குளிப்பு. இந்தத் தண்ணீருக்கு அவசரம் இல்லை. முதுகின் மேலிருந்து கீழ்வரைக்கும் அது தடவிக்கொண்டு போனது, பிறகு திரும்பி வந்தது. மரத்துப்போய்விட்டது என்று நான் நினைத்திருந்த இடங்களில் எல்லாம் தண்ணீர் தெரிந்தது. மல்லாந்து மிதந்தேன். காது தண்ணீருக்குள் போனதும் மழைச் சத்தம் நின்று, எங்கேயோ ஒரு மோட்டார் மெல்ல முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடிக் கூரையில் ஒரு மஞ்சள் இலை ஒட்டியிருந்தது. அது அசைகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுதேனோ என்றும் தெரியாது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

அன்று பின்னேரம் நீண்ட பிரம்புக் கதிரையில் குப்புறப் படுத்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு குளிர் காற்று வந்து முதுகில் இருந்துவிட்டுப் போனது. அப்படியே நித்திரையாகிவிட்டேன். பகலில் நித்திரை கொண்டது எனக்கே நம்ப ஏலாமல் இருந்தது. இராத்திரியிலேயே ஒழுங்காகக் கொள்ளாதவன் நான்.

நித்திரையில் அந்தக் கண்ணாடி மண்டபம் கலியாண மண்டபமாகிவிட்டது. நானூறு பேரும் வந்திருந்தார்கள், எல்லாரும் நீராவிக்குள் துவாய் விரித்து உடுப்பில்லாமல் இருந்தார்கள். ஐயரும் அப்படித்தான். கையில் பஞ்சாங்கம் மட்டும் இருந்தது. நாதஸ்வரக்காரர் தண்ணீருக்குள் நின்று வாசித்தார். கௌரி மட்டும் கூறைச்சீலையில், தண்ணீர் மேலே நடந்து வந்தாள், சீலையின் கரை நனையவில்லை. ஒருவருக்கும் எதுவும் விசித்திரமாகத் தெரியவில்லை. எழும்பியபோது என்மேல் யாரோ ஒரு காய்ந்த துவாய் போர்த்திவிட்டிருந்தார்கள். முதுகில் இல்லை, காலில். குளிரும் என்று நினைத்திருப்பார்கள்.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தேன். மணவறையில் இரண்டு மணித்தியாலமாவது சம்மணம் கட்டி இருக்கவேண்டும். துவாயை நான்காய் மடித்து, குளக்கரையில் போட்டு, ஆட்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நேராக இருந்தேன். ஆகட்டும், இப்போதாவது பார்க்கட்டும் என்று இருந்தேன். அரை மணித்தியாலம் போனது. பின்னால் ஏதோ அசைகிற சத்தம். மெல்லத் திரும்பிப் பார்த்தேன். மூன்று வெள்ளைக்காரக் கிழடுகள் எனக்குப் பின்னால் துவாய் போட்டு, அரையும் குறையுமாகக் காலை மடித்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்கள். நான் தியானம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார்களாம். பார்க்க வேண்டும் என்று முதுகைத் திறந்து வைத்தால், முதுகுக்கு நேரே வந்திருந்து கண்ணை மூடுகிறார்கள். இந்தக் கொடுமையை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

எழும்பிப் போகவும் மனம் வரவில்லை. அவர்கள் எழும்பும்வரைக்கும் நானும் இருந்தேன். பிறகு அந்த நெற்றிக்குக் கீழே பார்க்காத அம்மா என்னிடம் வந்து, கோபிக்கக்கூடாது, உங்கள் இடுப்பில் இருக்கிற கயிறு என்ன என்று மரியாதையாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகை விட்டுவிட்டுக் கயிற்றைக் கேட்கிறாரே. குழந்தைக்குக் கட்டுகிறது, பிறகு பழகிவிட்டது என்றேன். "நல்ல வழக்கம்" என்றார். அன்று முழுக்கத் தண்ணீருக்கும் நீராவிக்கும் கதிரைக்குமாகத் திரிந்தேன். பின்னேரம் ஆகும்போது எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அப்படி ஒரு சுகமான நாள் வேறு இல்லை.

ஆனால் கட்டிலில் போய்ப் படுத்ததும் யோசனை வந்தது. இதனால் என்ன பிரயோசனம்? என்னைப் பார்க்காத ஆட்கள் முன்னால் கழற்றிப் பழகி, பார்க்கப்போகிற ஆட்கள் முன்னால் எப்படி இருப்பது? இங்கே ஒருவருக்கும் என் முதுகை வாசிக்கத் தெரியாது.

வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு அதற்கும் ஆள் வந்தது.

நான் குளக்கரையில் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருந்தேன். தினமும் அந்த நேரத்துக்குக் குசினியில் இருந்து தோடம்பழம் வெட்டிக் கொண்டுவருவார்கள். வழமையாக ஒரு போலந்துப் பெட்டை வருவாள். அன்று வேறு காலடிச் சத்தம், தடித்த சப்பாத்து. அது எனக்குப் பின்னால் வந்து நின்றது. போகவில்லை. பிறகு தமிழில், மிகவும் மெல்லிய குரலில்:

"எந்தக் காம்ப், அண்ணை?"

திரும்பினேன். வெள்ளைக் குசினிச் சட்டை, கையில் தட்டு, ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஆள்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முதுகை மூடலாம் என்றால் துவாய் எனக்குக் கீழே இருந்தது.

முகாமின் பெயரைச் சொன்னேன். என் வாயால் அந்தப் பெயர் வந்து எத்தனை வருஷம்.

அவர் தலையாட்டினார். தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் குந்தினார். பெயர் தில்லையம்பலம், பாத்திரம் கழுவுகிற வேலை, வந்து ஒரு மாதம்.

"கேட்டிருக்கக்கூடாது. ஆனா கண்டாப் பிறகு கேக்காமல் போகவும் ஏலாது," என்றார். "என்ரை தம்பிக்கும் இப்பிடித்தான் இருந்தது. அவன் ஒருத்தருக்கும் காட்டேல்லை. வீட்டுக்குள்ளயும் சட்டையோடதான் திரிவான். நாங்களும் விடுதலையாகி வந்தவனைப் போட்டு ஏன் குடைவான் எண்டு கேக்கேல்லை. பிறகு வருத்தம் வந்து செத்துப்போனான். அவன்ரை முதுகை நாங்கள் முதன்முதலாப் பாத்தது, குளிப்பாட்டேக்கை."

நான் காலைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தேன்.

"அவன்ரை பெடியன் அப்ப தண்ணி வாத்துக்கொண்டு நிண்டவன். பதினெட்டு வயசு. அவன் தேப்பனை அதுக்குப் பிறகு இன்னும் மன்னிக்கேல்லை. 'எனக்கு ஏன் சொல்லேல்லை' எண்டு படத்தைப் பாத்துக் கேக்கிறான். படம் என்ன சொல்லும்?"

மழை விட்டிருந்தது. கண்ணாடிக் கூரையில் தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு தோடம்பழத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கித் தின்றேன். இனித்தது, நல்லாகவே இனித்தது. பிறகு எனக்கு எங்கள் ஆட்களின் ஞாபகம் வந்துவிட்டது.

"அண்ணை, என்னை இஞ்ச கண்டதை..."

"நான் ஆருக்குச் சொல்ல? ஆஸ்பத்திரிக் குசினியில வேலை எண்டுதான் என்ரை வீட்டில நினைச்சுக்கொண்டிருக்கினம்," என்று சொல்லிவிட்டு எழும்பினார். போகும்போது என் முதுகில், தோளுக்குக் கீழே, உள்ளங்கையை ஒருதரம் வைத்து எடுத்தார். கையில் தோடம்பழ ஈரம் இருந்தது.

அதன்பிறகு நான் தண்ணீருக்குள் இறங்கி, இருட்டுப்படும்வரைக்கும் மிதந்துகொண்டு கிடந்தேன். கூரையில் அந்த மஞ்சள் இலை இன்னும் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. இந்த முதுகை யார் முதலில் பார்க்கவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். புது வான் எப்படி என்று செல்வமலர் கேட்டாள். நல்ல சுகமாகப் போகுது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பலகாரச் சூடு. கலியாணத்துக்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து முதல் பலகாரத்தை எண்ணெயில் போடுகிற நாள். முன்னறையில் நாலைந்து பெண்கள் மாப் பிசைந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். கலியாணப் பொம்பிளை அடுப்படியில் நிற்கக்கூடாது என்று செல்வமலர் பேசிக்கொண்டே இருந்தாள். கௌரி கேட்கவில்லை. தாச்சி நிறைய எண்ணெய் கொதிக்க, கரண்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பயித்தம் பணியாரம் போட்டுக்கொண்டு நின்றாள். நான் குசினி வாசலில் வந்து நின்றதும் அவளுடைய மற்றக் கை தானாக எழும்பியது.

"தள்ளி நில்லுங்கோ அப்பா."

நான் தள்ளி நிற்கவில்லை. செல்வமலர் என் முகத்தைப் பார்த்தாள். முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, சுவரோடு நின்றாள்.

முதல் தெறி, இரண்டாவது, மூன்றாவது. கை நிற்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டேன். பனியனையும் கழற்றினேன். திரும்பி நின்றேன். முதுகைக் காட்டுவதில் ஒரு வசதி உண்டு, பார்க்கிறவரின் முகம் தெரியாது.

"பிள்ளை, இது எண்ணெய் இல்லை," என்றேன்.

பணியாரம் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு விரல் என் தோளுக்குக் கீழே வந்து தொட்டது. ஒரு கோட்டில் மெதுவாகப் போனது, அடுத்த கோட்டுக்கு வந்தது. எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

"எப்ப?" என்றாள்.

"உனக்கு எட்டு வயசு. காம்பில வைச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

விரல் எடுபட்டது. திரும்பினேன். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் முகத்தில் இருந்தது கோபம். என்னுடைய கோபம், அப்படியே.

"அப்ப நான் ஏன் அப்பா எண்ணெய்க்குப் பயந்தன்?" என்றாள். "பன்னிரண்டு வருஷம். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு இடிக்கும். உங்களுக்குத் திரும்பவும் பட்டிடும், பட்டிடும் எண்டு நான்தான் முன்னுக்கு நிண்டனான். கதிரையில இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதுதான் உண்மை. என் பிள்ளையைப் பயத்தில் இருந்து காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவள் கையில் வேறு ஒரு பயத்தைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"பிழைதான் பிள்ளை," என்றேன்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கரண்டியை என் கையில் திணித்தாள்.

"இந்தாங்கோ. நீங்கள் பொரியுங்கோ."

சட்டையில்லாமல் அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வீட்டுத் தாச்சியின் சூடு முகத்தில் அடித்தது. மாவில் தோய்த்து இரண்டு போட்டேன். மூன்றாவதைக் கொஞ்சம் உயரத்தில் இருந்து விட்டுவிட்டேன். எண்ணெய் தெறித்து என் முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டு விழுந்தது. நான் கையை உதற முந்தி அவள் பாய்ந்து பிடித்துவிட்டாள்.

ஒரு மிளகு அளவுக்குச் சிவந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுதான் பிள்ளை எண்ணெய்," என்றேன்.

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. சின்னப் பிள்ளைக்கு ஊதுகிற மாதிரி அந்தச் சொட்டில் ஊதினாள். சுவரோடு நின்ற செல்வமலர் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"மணவறையில பூணூல் எந்தப் பக்கத்தால வரும்?" என்று கௌரி கேட்டாள்.

இடது தோளையும் வலது இடுப்பையும் காட்டினேன். அவள் விரல் என் முதுகில் அந்த வழியே குறுக்காக இறங்கி வந்தது, எல்லாக் கோடுகளுக்கும் மேலால்.

"வரட்டும், சால்வை வேண்டாம்," என்றாள். பிறகு தாச்சியை எட்டிப் பார்த்தாள். "கருகுது, திருப்புங்கோ அப்பா."